புத்தகத்தின் நாலாவது பக்கத்தில் கை ஏன் போனைத் தேடுகிறது?

கரமடி வலை இழுப்பதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஆட்கள் வடம் பிடித்து இழுக்க, மடி மெல்ல மெல்லக் கரையை நெருங்கும். உள்ளே சாளை மீன் நிறைந்து கிடக்கலாம், வெறும் சொறிமீனும் பாசியுமாகவும் இருக்கலாம். அவசரமாக வேலைக்குப் போகிறவர்கூட, "என்னதான் கிடக்குன்னு பாத்துட்டுப் போவோம்" என்று நின்றுவிடுவார். மடியைப் பிரித்துப் பார்த்த பிறகு கூட்டம் கலைந்துவிடும்.

அந்த ஆளை நிற்க வைத்தது எது? மீன் இல்லை, மீன் இருக்குமா இருக்காதா என்ற நிலைதான். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளை வைத்து இதை அளந்து பார்த்தார். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டு பழச்சாறு கிடைத்தால், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் துடிக்கும். விளக்கு எரிந்த பிறகுதான் சாறு வரும் என்று பழகிவிட்டால், துடிப்பு விளக்குக்கு மாறிவிடும், சாறுக்கு இருக்காது. 2003இல் வெளிவந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சாறு வரவும் வராமல் போகவும் சரிபாதி வாய்ப்பு இருக்கும்போதுதான், காத்திருக்கும் நேரத்தில் அந்த அணுக்களின் இயக்கம் மெல்ல மெல்லக் கூடி மிக அதிகமாக இருந்தது.

போன் திரையில் விரல் வைத்துத் தள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு கரமடி இழுக்கிறோம். கடலில் ஒரு மடி கரையேற மணிக்கணக்காகும், இங்கே இரண்டு வினாடி. அதோடு, எவ்வளவு தள்ளினாலும் தீராத பக்கத்தை 2006இல் அசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார். பிற்பாடு அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். புத்தகத்தில் அத்தியாயம் முடிகிற இடத்தில், "சரி, போதும்" என்று சொல்ல ஓர் இடைவெளி இருக்கிறது. திரையில் அதை எடுத்துவிட்டார்கள்.

அதனால், நாலாவது பக்கத்தில் கை போனைத் தேடினால் தயவுசெய்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. இங்கே நிறைய பேர், "முன்ன எவ்வளவு படிப்பேன் தெரியுமா, இப்போ முடியல" என்று குற்றவுணர்வோடு சொல்வதைக் கேட்கிறேன். இதில் குணக்கேடு எதுவும் இல்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க, வாசிப்பு எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு சின்ன சோதனை. ஒரு கண்ணை மூடி, அந்த இமைமேல் விரலை லேசாக வைத்துக்கொண்டு, மறு கண்ணால் இந்தப் பத்தியைப் படியுங்கள். விரலுக்கடியில் விழி குதித்துக் குதித்துப் போவது தெரியும். கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் கால் வினாடி போல நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். தாவும் நேரத்தில் நமக்கு எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை, நிற்கும்போதுதான் படிக்கிறோம். ‘பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ மாதிரி நீண்ட சொல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிற்கவேண்டி வரும். நூறு தாவலில் பத்துப் பதினைந்து பின்னோக்கிப் போகும். புரியாத இடத்துக்கு, அல்லது ‘என்ன சொன்னான்?’ என்று சந்தேகம் வந்த இடத்துக்கு.

மனம் வேறெங்கோ போய்விட்டாலும் கண் இந்த ஓட்டத்தை நிறுத்துவதில்லை. ஆனால் அப்போது அரிதான சொல்லுக்கும் பழகிய சொல்லுக்கும் வித்தியாசம் காட்டாமல் போகும். ஒரு பக்கம் முடித்துவிட்டு ஒன்றுமே நினைவில்லாமல் விழிக்கிறோமே, அது இதுதான்.

எழுத்து பிறந்து ஐயாயிரம் ஆண்டு போலத்தான் ஆகிறது. வாசிப்புக்கென்று தனி உறுப்பு உருவாக அந்தக் காலம் போதாது. ஆகவே முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண இருந்த இடத்தில், இடப்பக்க மூளையின் பின்னடியில், ஒரு துண்டை எழுத்துக்காகக் கடன் வாங்கியிருக்கிறோம். ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் என்ற நரம்பியலாளரின் குழுவினர் 2010இல் 63 பெரியவர்களின் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். சிறுவயதில் படித்தவர்கள், பெரியவர்களான பிறகு எழுத்தறிந்தவர்கள், எழுத்தே அறியாதவர்கள் என்று மூன்று வகையினர். வளர்ந்த பிறகு கற்றவர்களின் மூளையிலும் அந்த இடம் எழுத்துக்குப் பழகியிருந்தது. அறிவொளி வகுப்பில் அரிக்கேன் வெளிச்சத்தில் முதல் எழுத்து எழுதிய அம்மாக்களை நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் புதிதாக உருவாக முடிந்தது, நமக்குத் திரும்பி வராதா?

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு இது புதிதில்லை. புது மரத்தின் பட்டையில் முதலில் வெட்டும்போது பால் கெட்டியாக, கொஞ்சமாக வந்து சீக்கிரம் நின்றுவிடும். சிரட்டையில் அடி மட்டும்தான் நனையும். அதற்காக மரத்தில் பால் இல்லை என்று யாரும் விட்டுவிடுவதில்லை. முறை வைத்துத் தொடர்ந்து வெட்ட வெட்ட, பால் கூடும், நீண்ட நேரம் ஓடும். வாசிப்பும் மூளையும் இதே மாதிரிதான் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாகச் சொல்ல வரவில்லை. முதல் வாரத்தின் நாலு பக்கத்தைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்களுக்கு என்னிடம் இதைவிட நல்ல உவமை இல்லை.

லண்டனில் 96 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை. மழை நாளில் வெட்டு நிற்பதைப் போல நினைத்துக்கொள்ளலாம். அதே இடம், அதே நேரம் என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று, போனைப் பார்த்த கையோடு புத்தகத்தைத் திறக்காதீர்கள். பாதியில் விட்ட வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். ஒரு கட்டன் சாயா குடிக்கும் நேரமாவது இடையில் விடுங்கள். அப்புறம், காகிதமா திரையா என்ற கேள்வி. 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தகவல் சார்ந்த எழுத்தைக் காகிதத்தில் படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்திருந்தது. கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. போனில் நாவல் படிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நடுவில் வரும் அறிவிப்புகளைத்தான் அணைக்கச் சொல்வேன்.

நான் தேர்ந்தெடுத்த இடம் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை ரயில். போன் பைக்குள், பை மேல்தட்டில். முதல் வாரம் இரணியல் வருவதற்குள் கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. மூன்றாம் வாரத்தில் குழித்துறை வரை தாங்கியது. ஆற்றுப்பாலத்தில் ரயிலின் சத்தம் மாறும், எப்போதும் அங்கே தலை நிமிர்ந்துவிடும். போன புதன்கிழமை அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. பாறசாலையில் வண்டி நின்ற குலுக்கலில் நிமிர்ந்தபோது, ஒரு வரியை இரண்டாம் தடவை படிக்க என் கண் திரும்பிப் போயிருந்தது.