மகனுக்கு ஒரு காம்பரா: எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தவே கூடாது

போன வருடம் ஆவணி மாதம், இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து வெளியேறி, ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிக் கொடுத்த தனி வீட்டுக்கு வந்த குடும்பம். 550 சதுர அடிக்குள் இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, கழிவறை. வீட்டில் எட்டுப் பேர். இரண்டாவது மகனுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். “பின்னால ஒரு காம்பரா போட்டுக் குடுங்க சார், அது போதும். மருமகப்புள்ள வந்து ஹோல்லயா படுக்கும்?” என்றார் அம்மா. காம்பரா என்றால் அறை.

பின்னால் போய்ப் பார்த்தேன். மகன் எனக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார். குசினிக்குப் பின்னால் இருந்த மேட்டை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டியிருந்தார்கள். டேப்பைப் பிடித்துப் பார்த்தால் ஒன்பது அடி உயரம், சுவர் மாதிரிச் செங்குத்து. அந்த மேட்டை ஒட்டித்தான் காம்பராவின் பின்சுவர் வரப்போகிறது. வெட்டின் பாதி உயரத்தில் கோடு இழுத்தது போல ஒரு ஈரம். விரலை வைத்தேன், மண் களியாக ஒட்டிக்கொண்டு வந்தது. மழை நின்று ஐந்து நாளாகியிருந்தது. மேலே தேயிலைச் செடியின் வேர்கள் அந்தரத்தில் தொங்கின. வெட்டிய மண்ணை முன்பக்கச் சரிவில் கொட்டியதில் கீழ்வீட்டுக்காரரின் கான், அதாவது தண்ணீர் ஓடும் வாய்க்கால், மூடிப்போயிருந்தது.

“யாரிடமும் கேட்கவில்லையா தம்பி?”

“கேட்டா விடமாட்டாங்க சார்.”

இருபது வருடமாக மலையகத்தில் வீடுகளுக்குப் படம் வரைந்து, கட்டட வேலையை மேற்பார்வை செய்கிறேன். இந்தப் பதிலைக் கேட்காத தோட்டம் இல்லை. விதிகள் கடுமையாக இருப்பதால் யாரும் கட்டாமல் இருக்கவில்லை. அளவெடுக்க ஆள் கூப்பிடாமல், கொந்தராத்துக்காரரிடம் காட்டாமல், ஞாயிற்றுக்கிழமையில் வெட்டி இரவில் தகரம் ஏற்றுகிறார்கள். வீதியிலிருந்து தெரியக்கூடாது என்பதற்காகவே பின்பக்கத்தைத் தேர்கிறார்கள். மலையில் பின்பக்கம் என்றால் பெரும்பாலும் மேட்டுப் பக்கம்தான்.

ஏன் கேட்கப் பயப்படுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். தோட்டக் காணி அரசுடையது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போயின. குத்தகை 2045 வரை ஓடுகிறது. வீடு கிடைத்த பலரிடம் இன்னும் காணி உறுதி என்ற உரிமைப் பத்திரம் இல்லை, ஒரு கடிதம்தான் இருக்கிறது. கட்டட அனுமதி கொடுக்கும் பிரதேச சபைக்குப் போனால் உறுதி கேட்பார்கள், நில அளவைப் படம் கேட்பார்கள். அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். நிர்வாகம் வேறொரு அலுவலகத்தைக் காட்டும். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பெயர் விழாவிட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. அப்படி எத்தனை நாளைக்கு ஒருவர் பஸ் ஏற முடியும்?

கட்டட அனுமதிக்கு இன்றைக்கும் அடிப்படையாக இருக்கிற வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915ஆம் ஆண்டுக்குரியது. லயத்து மக்களுக்குத் தனி வீடு என்ற பேச்சே இல்லாத காலம் அது. தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தில் வேலை செய்வதற்கே சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அது 2018 திருத்தத்தில்தான் நீங்கியது. அதே வருடம் அம்பகமுவ, நுவரெலியா சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிந்தன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை மக்களுக்குச் சபை கொஞ்சம் கிட்டே வந்தது. கிட்டே வந்த சபை, இந்த மாதிரிக் காம்பராக்களுக்கு எளிய வழி திறக்கும் வேலையைக் கையில் எடுக்கலாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று அடிக்கடி தேடி வாசிப்பேன். நியூசிலாந்தில் 2026 ஜனவரி 15 முதல், இருக்கிற வீட்டு வளவுக்குள் 70 சதுர மீற்றர் வரையான ஒரு சிறு வீட்டைக் கட்டட அனுமதி இல்லாமலே கட்டலாம். வயதான பெற்றோருக்கு, வாடகை கொடுக்க முடியாத பிள்ளைகளுக்கு என்று கொண்டுவந்த தளர்வு. 70 சதுர மீற்றர் என்றால் ஏறக்குறைய 750 சதுர அடி. நம் முழு வீட்டையும்விடப் பெரிது! அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் 2023 கடைசியில் 60 சதுர மீற்றர் வரையான சிறு வீட்டுக்குப் பெரும்பாலும் திட்டமிடல் அனுமதி வேண்டாம் என்றது, ஆனால் கட்டட அனுமதியை விடவில்லை.

நியூசிலாந்து எதைத் தளர்த்தவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மாடி, எளிய வடிவம், எல்லையிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி. கட்டடத் தரக் கோவை அப்படியே பொருந்தும். உரிமம் பெற்றவர்தான் கட்ட வேண்டும், அல்லது மேற்பார்வை செய்ய வேண்டும். தொடங்குமுன் அந்த நிலத்தில் வெள்ளம், சரிவு ஆபத்து உண்டா என்ற விவரத்தைச் சபையிடம் எழுத்தில் வாங்க வேண்டும். முடித்த பிறகும் சபைக்கு அறிவிக்க வேண்டும். அனுமதிக்கு அலைவது போயிற்று, நிலத்தைப் பார்ப்பது போகவில்லை.

சரி, நமக்கு வருவோம். ஏழு பேர்ச்சஸ் என்பது 1,900 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. வீடு போக 1,300 சதுர அடிக்கு மேல் மிஞ்சும் என்று கடதாசியில் தெரியும். படிக்கட்டு, கான், மலக்குழி, மேட்டின் சாய்வு எல்லாம் கழித்தால் பல வளவுகளில் 200, 250 சதுர அடிதான் தேறும். சிலவற்றில் அதுவும் தேறாது. அங்கே எந்த விதியைத் தளர்த்தினாலும் பயனில்லை, அந்த மகனுக்குத் தனிக் காணிதான் கொடுக்க வேண்டும். தேறுகிற வளவுகளில் அந்த 250 சதுர அடியில் ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு கழிவறை தாராளமாக அடங்கும். தனி அடுப்பு வந்தாலே மாமியாருக்கும் மருமகளுக்கும் பாதி நிம்மதி வந்துவிடும்.

இதற்கு உறுதி கேட்பதை நிறுத்தலாம். வீடு கொடுத்த கடிதமே போதும் என்று வைக்கலாம். பிரதேச சபையே மூன்று நான்கு மாதிரிப் படங்களை வரைந்து இலவசமாகக் கொடுக்கலாம். எல்லைத் தூரத்தைச் சின்னக் காணிக்கு ஏற்றபடி குறைக்கலாம். தோட்ட நிர்வாகம் இத்தனை நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் மேடு, தண்ணீர், மலக்குழி, இந்த மூன்றிலும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை வீண் அலைச்சல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா, கண்டி மலைகள் சரிந்ததையும் பார்த்தோம். அந்த அறிக்கை இல்லாமல் நான் படத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. அதை விரைவாகவும் செலவில்லாமலும் கொடுங்கள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதை வாசிக்கிறவர் கட்டும் எண்ணத்தில் இருந்தால், மண்வெட்டியை எடுக்குமுன் ஒன்றைச் செய்யுங்கள். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது? மேட்டுக்கு மேலே நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா? மரம் முன்பு நின்றதைவிடச் சாய்ந்திருக்கிறதா? மலையிலிருந்து பீலியில் வரும் தண்ணீர் திடீரெனக் கலங்கி வருகிறதா? இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று வந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அங்கே கட்டாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். மேட்டை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் உயரத்தைக் குறைத்து, சாய்த்து, படிபடியாக வெட்டுங்கள். மேடு எத்தனை அடியோ, குறைந்தது அத்தனை அடி தள்ளிச் சுவர் வையுங்கள் என்பது என் கணக்கு. அறையை மலைக்குள் நீட்டாமல், வீடு நிற்கும் சமதளத் தட்டின் நீளத்தோடு பக்கவாட்டில் நீளமாகப் போடுங்கள். கூரைத் தண்ணீரை மண்ணில் விழவிடாமல் பீலி வைத்துக் கானுக்குக் கொண்டுபோங்கள். கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கு மேலே உங்கள் மலக்குழி வரக்கூடாது. அவருடைய குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பேசினேன். மகனுக்கு முதலில் கோபம்தான். மூன்று ஞாயிறு உழைப்பு அல்லவா? அப்புறம் அவரே கயிறு பிடித்தார். காம்பராவைப் பின்னால் இருந்து எடுத்து, வலப்பக்கத் தட்டில் பன்னிரண்டுக்கு இருபது அடியாகத் திருப்பினோம். ஒன்பது அடி வெட்டை மூன்று படியாகச் சாய்த்து, புல் பதித்து, அடியில் ஒரு கல் கான் கட்டினார்கள். கீழ்வீட்டுக்காரரின் கானையும் மகனே தோண்டிக் கொடுத்தார்.

புயல் இரவுகளில் குடும்பம் பள்ளிக்கூடத்தில் தங்கியது. திரும்பி வந்தபோது மேல்படி இறங்கிக் கல் கானை நிரப்பியிருந்தது. குசினிச் சுவருக்கு வரவில்லை. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது, நானும் போயிருந்தேன். காம்பராவுக்கான விண்ணப்பம் இன்னும் ஒரு கையெழுத்துக்காக நிற்கிறது. வலப்பக்கத் தட்டில் முளைக்குச்சிகள் நட்டபடியே இருக்கின்றன. ஹோலின் ஒரு மூலையில், லயத்தில் செய்தது போலவே, அம்மா தன் பழைய சேலையைக் கயிற்றில் கட்டி மறைப்புப் போட்டிருக்கிறார்.