அரை லிட்டர் சிலிண்டரை நம்பிக் கிணற்றில் இறங்காதீர்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிணற்றுத் தண்ணீருக்குள் விழுந்த மோட்டாரை மூழ்கி எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்பே இறங்கத் தயாராக நின்ற தம்பி, இடுப்பில் கட்டியிருந்த அரை லிட்டர் காற்றுச் சிலிண்டரைத் தட்டிக் காட்டி, "ஸ்பேர் காத்து இருக்குண்ணா" என்றார். ஆன்லைனில் வாங்கி, கைப்பம்பால் நிரப்பியதாம். பர்கூரிலும் பாலக்கோட்டிலும் இதையே கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். அரை லிட்டர் சிலிண்டரில் 200 பார், அதாவது வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் என்றால் மொத்தம் 100 லிட்டர் காற்று. பயந்துபோனவர் மேலே இருந்தாலே நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பார். 60 அடி ஆழத்தில் அழுத்தம் ஏறக்குறைய 2.8 மடங்கு, அங்கே அதே மூச்சுக்கு 112 லிட்டர் வேண்டும். ஒரு நிமிடம்கூட வராது. நிமிடத்துக்கு 30 அடி என்று நிதானமாக ஏறினால் மேலே வரவே 2 நிமிடம் ஆகும். பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு, நீர்மட்டத்தில் அமைதியாக மூச்சு விடுபவருக்கானது.

இதைவிட எரிச்சல் தருவது இன்னொன்று. பிரதான சிலிண்டரின் ரெகுலேட்டரை (காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) காட்டி, "ரெகுலேட்டரில் ரெண்டு மவுத்பீஸ் இருக்கே, ஒன்னு போனா இன்னொன்னு" என்கிறார்கள். இரண்டும் ஒரே சிலிண்டரில்தான் மாட்டியிருக்கின்றன! மேல்நிலைத் தொட்டி காலியானால் வீட்டில் எத்தனை குழாய் இருந்தென்ன? சிலிண்டர் தீர்ந்தாலும், அதன் வால்வில் மாட்டிய முதல்நிலை ரெகுலேட்டர் பழுதானாலும் இரண்டு வாயும் ஒன்றாகத்தான் நிற்கும். அந்த இரண்டாவது மவுத்பீஸ், காற்று தீர்ந்த கூட்டாளிக்குக் கொடுப்பதற்கு. கிணற்றில் தனியாக இறங்குகிறவருக்கு அதனால் என்ன பயன்? கூட்டாளியின் முதுகில் இருப்பதுதான் நமக்கு மாற்றுக்காற்று, அவரே இல்லையே. ஸ்பேர் என்றால் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர், தனி அழுத்த மீட்டர்.

3 லிட்டர் சிலிண்டர் வாங்குங்கள். 200 பாரில் 600 லிட்டர் வரும். அடியில் ஒரு நிமிடம் தடுமாறி, மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் பாதுகாப்புக்காக 3 நிமிடம் நின்று வரவும் போதும். பிரதான சிலிண்டரின் பக்கவாட்டில் இறுக்கமாகக் கட்டுங்கள். அதன் மவுத்பீஸ் வேறு நிறத்தில், கழுத்துக் கயிற்றில் தாடைக்குக் கீழே தொங்கட்டும். தண்ணீரில் இறங்கும் முன் வால்வைத் திறந்து, மீட்டரைப் பார்த்து, இரண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். வேலை நேரக் கணக்கில் இந்தக் காற்றைச் சேர்க்கவே கூடாது. கண்ணை மூடிக்கொண்டு வாய் மாற்றுவதை ஆழமில்லாத இடத்தில் பழகுங்கள். பழகாத ஸ்பேர் வெறும் சுமை.

அப்புறம், பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்று வேண்டவே வேண்டாம். எண்ணெய் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் கலந்து வரலாம். வெல்டிங் கடை ஆக்சிஜனும் கூடாது. சுத்த ஆக்சிஜன் 6 மீட்டருக்குக் கீழே வலிப்பை உண்டாக்கும், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் ஆள் மூழ்கிவிடுவார்.

தம்பிகளே, ஏறும்போது மூச்சை மட்டும் அடக்காதீர்கள். சிலிண்டர் காற்றை இழுத்தவர் அடக்கிக்கொண்டு ஏறினால், ஓர் ஆள் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியும்.

கிணற்றுக்காரர்களுக்கும் சொல்கிறேன்: பயிர் வாடுகிறது என்று அவசரப்படுத்தாதீர்கள். இறங்கியவர் மேலே வரவில்லை என்றால் பின்னாலேயே யாரும் குதிக்க வேண்டாம்; உடனே 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.