சொல் விளக்கம்: காணாமற்போனவர்

மலாயில் ‘ஓராங் ஹிலாங்’. பாலாயில், அதாவது காவல் நிலையத்தில், புகார் கொடுக்கும்போது கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் அதையே சொல்லிவிடுகிறார்கள்; வீட்டுக்குள் ‘ஆளைக் காணோம்’. எழுத்தில் காணாமற்போனவர், பன்மையில் காணாமற்போனோர். பகரத்துக்கு முன் லகரம் றகரமாகத் திரிந்திருக்கிறது. ‘காணாமல் போனவர்’ என்று பிரித்து எழுதினாலும் பிழையில்லை.

இச்சொல்லில் இரண்டு பேர் இருக்கிறார்கள். போனவர் அவர், காணாதவர்கள் நாம். ‘காணோம்’ என்பதில் இது பச்சையாகத் தெரியும். அது தன்மைப் பன்மை எதிர்மறை வினை, ‘நாங்கள் காண்கிறோமில்லை’ என்று பொருள். அதனால்தான் ‘ஆளை’ என்று ஐ உருபு ஏறுகிறது. தேடுகிறவர் பக்கம் நின்று பேசும் சொல் இது. சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

நாளிதழ்த் தலைப்பில் வரும் ‘மாயம்’, ‘மாயமானார்’ சுருக்கமாக இருப்பதால் நிலைத்துவிட்டன. ஆனால் அவற்றில் மந்திர வாடை அடிக்கிறது. டோல் சாவடியிலோ கடைக் கேமராவிலோ வங்கி அட்டையிலோ தடம் விட்டுப்போன மனிதரை மாயமாக்குவானேன்? ‘தொலைந்தவர்’ அதைவிட மோசம். குடையும் பர்ஸும் தொலையலாம்; ஆளைச் சொன்னால் ‘தொலைந்து போ’ என்ற வசைதான் காதில் விழும்.

காணாமலாக்கப்பட்டவர் என்பது வேறு சொல், வேறு பொருள். இலங்கைத் தமிழ் ‘வலிந்து’ என்ற அடையும் சேர்த்து இதை நிலைநாட்டியது. அரசின் ஆட்களோ அரசின் ஆதரவு பெற்றவர்களோ ஒருவரைப் பிடித்துச்சென்று, பிடித்ததையே மறுப்பது அல்லது இருப்பிடத்தை மறைப்பது என்பது 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை தரும் பொருளின் சாரம். பாதிரியார் ரேமண்ட் கோ 2017 பிப்ரவரி 13 அன்று பெட்டாலிங் ஜெயா சாலையில் கடத்தப்பட்டார். மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019 ஏப்ரலில், இதில் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் சிறப்புப் பிரிவின் கை இருப்பதாக முடிவு சொன்னது. 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் அரசையும் போலீஸையும் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. இவரைக் காணாமற்போனவர் என்று எழுதினால் செய்தவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார்.

இனி சட்டம். மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு: ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழாண்டாக ஒரு தகவலும் வரவில்லை என்று நிறுவினால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் சுமை அப்படிச் சொல்பவர் தலையில் விழும். இதைத் தமிழில் ‘இறப்பு அனுமானம்’ எனலாம். ‘இறப்பு உறுதி’ என்று எழுதுவது தவறு, அனுமானத்தை மறுக்க முடியும். சூழ்நிலைச் சான்று வலுவாக இருந்தால் ஏழாண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த எம்எச்370 விமானத்தில் இருந்தோர் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாக 2015 ஜனவரி 29-லேயே மலேசிய அரசு அறிவித்தது.

ஆக, நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியது உங்கள் காணாமையைத்தான். கோப்பு முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். 24 மணி நேரம் கழியட்டும் என்பது வெறும் பேச்சு, சட்டத்தில் கிடையாது. எந்த பாலாயிலும் உடனே புகார் செய்யலாம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளையென்றால் ‘நூர் அலர்ட்’ என்ற அவசர அறிவிப்பு முறை பற்றி அங்கேயே கேளுங்கள். அண்மைப் படம், கடைசியாக உடுத்தியிருந்தது, தழும்பு, பச்சை குத்திய அடையாளம், அன்றாட மருந்து, வண்டி எண், கைப்பேசியின் ஐஎம்இஐ எண் (வாங்கிய பெட்டியில் ஒட்டியிருக்கும்) எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். முதலில் அழிவது கேமராப் பதிவு. பழையதன் மேலேயே புதியது பதிவாகும்; கடைகளில் பெரும்பாலும் சில நாள், சில வாரம்தான் கிடக்கும். புலனாய்வு அதிகாரி வரும்வரை அழிக்காமல் வைக்கும்படி கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அவருடைய பல்துலக்கியையும் சீப்பையும் கழுவாதீர்கள். தாள் உறையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கி மாதிரி கெடும். 2009-ஆம் ஆண்டு டிஎன்ஏ அடையாளச் சட்டத்தின் தரவு வங்கியில் காணாமற்போனோருக்கென்றே தனிப் பட்டியல் உண்டு. ஒப்பிட, பெற்றோர் அல்லது பிள்ளைகளின் மாதிரி, உடன்பிறந்தாருடையதைவிடத் தெளிவாகப் பேசும்.

குடும்பங்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி, புகார் செய்து நான்கு வாரம் கழித்து விசாரணை நிலையைக் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய புகாருக்குத்தான். ஆளைக் காணோம் என்பது மட்டும் குற்றமாகாது. கடத்தல் என்று சந்தேகிக்க ஆதாரம் கிடைத்தால் இன்னொரு புகார் செய்து அதைப் பதிவாக்குவது அதனால்தான் முக்கியம். ‘என்எஃப்ஏ’, அதாவது மேல் நடவடிக்கை இல்லை என்று குறித்த கோப்பும் புதுச் சான்று வந்தால் திறக்கும். அத்தகையதைத் துப்புத் துலங்காத வழக்கு என்பதே நல்ல தமிழ். ஆங்கிலத்தின் ‘கோல்ட் கேஸ்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘குளிர்ந்த வழக்கு’ வேண்டாம்.

முடிவு தெரியாத இந்த இழப்பு வீட்டில் நாள்தோறும் கேள்வியாக வரும். திதி கொடுக்கலாமா? தாலி? தர்ப்பையில் உருவம் செய்து காரியம் முடிக்கும் முன் பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பது பழைய வழக்கம். சட்டத்துக்கு ஏழு போதும். இரண்டையும் குழப்பிக்கொண்டு இறப்பு அனுமான மனுவைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. முஸ்லிமல்லாதாருக்கு, ஏழாண்டு கடந்தால் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் மணமுறிவுக்கும் தனியே மனுச் செய்யலாம்.

இன்னொன்று. அனுமானம் இறந்தார் என்பதற்கு மட்டுந்தான், எந்தத் தேதியில் என்பதற்கு இல்லை. தேதியைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் தவணையை நிறுத்திவிட்டால், பாலிசி காலாவதியான பிறகுதான் இறந்திருப்பார் என்று நிறுவனம் வாதிட இடம் கிடைக்கும். தீர்ப்பு வரும்வரை தவணையைக் கட்டி, ரசீதுகளை அதே கோப்பில் போட்டு வையுங்கள்.