இணைந்த பின்னும் ஒலிக்காத ஹெட்போன்: லினக்ஸில் புளூடூத் ஒலி செல்லும் வழி

லினக்ஸ் கணினியில் மென்பொருள் பொதிகளைப் புதுப்பித்து, கணினியை மீண்டும் தொடங்கிப் பார்த்தால், நேற்றுவரை பாடிக்கொண்டிருந்த புளூடூத் ஹெட்போன் இன்று வாய் திறப்பதில்லை. ஹெட்போனின் பெயர் பட்டியலில் தெரிகிறது. ஆனால் இணைத்த சில நொடிகளில் இணைப்பு அறுந்துபோகிறது, அல்லது இணைப்பு நிலைத்தும் ஒலி மட்டும் மடிக்கணினியின் ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. இந்நிலையில் பலரும் முதலில் ஹெட்போனையும், அடுத்து ரேடியோச் சில்லையும் சந்தேகிக்கிறார்கள். கணினியிலிருந்து காதுவரை ஒலி எத்தனை கைகள் மாறிச் செல்கிறது என்பதை அறிந்தால், சந்தேகத்தை எங்கே தொடங்குவது என்பது தெளிவாகும்.

ரேடியோச் சில்லை இயக்குவது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல். கருவிகளைத் தேடுவது, ஜோடி சேர்ப்பது, சாவிகளைப் பாதுகாப்பது ஆகிய வேலைகளைப் புளூஸீ என்னும் மென்பொருளின் பின்னணிச் சேவை செய்கிறது. ஆனால் 2012இல் வெளிவந்த புளூஸீ 5 முதல், ஒலியைக் குறிமுறையாக்கி அனுப்பும் பொறுப்பு அதனிடம் இல்லை. அது பல்ஸ்ஆடியோ, பைப்வயர் போன்ற ஒலிச் சேவையகங்களுடையது. பயனர் கணினிக்குள் நுழைந்ததும் ஒலிச் சேவையகம் எழுந்து, நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாகப் புளூஸீயிடம் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது: இன்னின்ன கோடெக்குகளில் (ஒலியைச் சுருக்கும் குறிமுறைகளில்) ஒலியை அனுப்ப என்னால் முடியும் என்பதே அந்தப் பதிவின் சாரம். ஹெட்போன் இணையும்போது புளூஸீ இந்தப் பதிவைத்தான் தேடுகிறது. ஒருவரும் பதிவு செய்திருக்கவில்லையென்றால், இசைக்குரிய, ஏ2டிபி என்னும் புளூடூத் முறையிலான இணைப்பை ஏற்படுத்த முடியாமல், ‘புரோட்டோகால் நாட் அவைலபிள்’ என்ற வரியைக் கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. இதைப் படிப்பவர் ஹெட்போனில் ஏதோ ஒரு வசதி குறைகிறது என்று எண்ணிவிடுகிறார். உண்மையில் வழக்கமாகக் குறைவது, கணினியின் பக்கத்தில் ஒலியைப் பொறுப்பேற்க வேண்டிய நிரல்.

புதுப்பிப்புக்குப் பின் அந்த நிரல் காணாமல் போவது ஏன்? கடந்த சில ஆண்டுகளில் லினக்ஸ் வழங்கல்கள் ஒலிச் சேவையகத்தையே மாற்றின. ஃபெடோரா 2021இல் தன் 34ஆம் பதிப்பிலும், உபுண்டு 22.10 பதிப்பிலும், டெபியன் 12இன் குனோம் மேசைத்தளம் 2023இலும் பல்ஸ்ஆடியோவின் இடத்தில் பைப்வயரை வைத்தன. டெபியனிலும் உபுண்டுவிலும் பைப்வயரின் புளூடூத் பகுதி, லிப்ஸ்பா-0.2-புளூடூத் என்னும் தனிப் பொதியில் இருக்கிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தும்போது அந்தப் பொதி நிறுவப்படாமல் விடுபட்டால், கம்பி ஹெட்போனும் ஸ்பீக்கரும் குறையின்றி ஒலிக்கும்; புளூடூத் மட்டும் மௌனமாகும். இதற்கு நேர்மாறாக, பல்ஸ்ஆடியோவின் புளூடூத் பொதியும் நீக்கப்படாமல் இரண்டு சேவையகங்களும் ஓடினால், ஒரே ஹெட்போனுக்கு இரண்டும் போட்டியிடும். ஒருநாள் ஒலிப்பதும் மறுநாள் ஒலிக்காததுமாகிய குழப்பத்தைக் கண்டால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் நுட்பமான ஒரு மாற்றம் 2024இல் வந்தது. பைப்வயரில் எந்தக் கருவியை எப்படி இணைப்பது என்று தீர்மானிக்கும் வயர்பிளம்பர், தன் 0.5 பதிப்பில் லுவா மொழியில் எழுதப்பட்ட உள்ளமைவுக் கோப்புகளைக் கைவிட்டு, ஜேசான் போன்ற வடிவத்துக்கு மாறியது. கோடெக்கையோ ஒலியளவையோ தம் விருப்பப்படி அமைக்கப் பயனர்கள் எழுதி வைத்திருந்த பழைய கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அவற்றுக்குப் பயன் இராது. எழுதியவருக்கே மறந்துபோன கோப்புகள் என்பதால், இக்காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

ஒலி வந்தும் தொலைபேசிக் குரல்போல் மங்கிப்போவது வேறு வகை. குறுந்தகட்டுத் தரமுள்ள ஒலிக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 16 பிட், இரண்டு தடங்கள் என்று கணக்கிட்டால் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் வேண்டும். ஏ2டிபியில் கட்டாயமான எஸ்பிசி கோடெக், உயர்தர அமைப்பில் அதை 328 கிலோபிட்டாகச் சுருக்குகிறது. ஆனால் ஏ2டிபி இசையை ஒரு திசையில் கொண்டுசெல்லவே வகுக்கப்பட்டது. மைக்கும் வேண்டுமென்றால் அழைப்புகளுக்கான எச்எஃப்பி என்னும் புரொஃபைலுக்கு (புளூடூத் பயன்பாட்டு முறைக்கு) மாற வேண்டும். அதன் அடிப்படைக் கோடெக் நொடிக்கு 8,000 மாதிரிகளையே எடுப்பதால், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளுக்கு அதில் இடமே இல்லை. எம்எஸ்பிசி கோடெக் இருந்தால் மாதிரிகள் 16,000 ஆகும். ஒரு செயலி மைக்கைத் திறந்ததும் வயர்பிளம்பர் தானாகவே இந்தப் புரொஃபைலுக்கு மாறக்கூடும். ஆகவே தரம் திடீரென விழுந்தால், மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் செயலி எது என்று பார்ப்பதே சரியான தொடக்கம். மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஹெட்போனை ஏ2டிபியிலேயே வைத்திருப்பது நான் பரிந்துரைக்கும் வழி.

சரிசெய்யும்போது, எதையும் நீக்குவதற்கு முன் பதிவேட்டைப் படிப்பது முக்கியம். புளூடூத் சில்லே கணினிக்குத் தெரியவில்லையென்றால், கர்னலின் செய்திகளில் நிலைபொருள் (சில்லுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பல சில்லுகளில் மின்சாரம் அறாதவரை பழைய நிலைபொருளே தங்கிவிடுவதால், மறுதொடக்கத்தைவிட முழுமையாக அணைத்து எழுப்புவது பயன் தரும். சில் தெரிந்து ஒலி மட்டும் இல்லையென்றால், பைப்வயரையும் வயர்பிளம்பரையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். வட்டில் கோப்புகள் புதியவையானாலும் நினைவகத்தில் ஓடுவது பழைய நிரலாகவே இருக்கலாம். இவ்விரண்டும் பொதுவாகப் பயனரின் பெயரில் ஓடுவதால், நிர்வாகி உரிமை தரும் சுடோ கட்டளை இல்லாமல், பயனர் சேவைகளாகவே மறுதொடக்கம் செய்ய வேண்டும். நிர்வாகி உரிமையோடு கட்டளையிட்டுவிட்டுப் பலனில்லை என்று சோர்பவர்கள் பலர்.

ஜோடியைக் கலைத்து மீண்டும் சேர்ப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். ஜோடி சேரும்போது உருவாகும் சாவி கணினியிலும் ஹெட்போனிலும் சேமிக்கப்படுகிறது. கணினியில் மட்டும் அழித்தால், சில ஹெட்போன்கள் பழைய சாவியையே எதிர்பார்த்துப் புதிய இணைப்பை மறுக்கும். எனவே ஹெட்போனின் நினைவையும் அதன் கையேட்டில் உள்ளபடி அழித்துவிட்டு, அதன் பிறகே இரண்டையும் புதிதாக ஜோடி சேர்க்க வேண்டும்.