கிறீச்சிடும் கதவுக்கு எந்த எண்ணெய்?

கதவு கிறீச்சிடத் தொடங்கினால் நம் வீடுகளில் கை முதலில் போவது அடுப்படிக்குத்தான். நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ, அப்பளம் பொரித்த மிச்ச எண்ணெயோ கீலில் விட்டதும் சத்தம் அடங்கிவிடுவதால், அதுவே சரியான வைத்தியம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கதவு, ஜன்னல் வேலையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் எனக்கு, எண்ணெயே காணாத கீல்களைவிடத் தவறான எண்ணெய் குடித்த கீல்களே அதிகம் வேலை வைத்திருக்கின்றன.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "எண்ணெய் விடாத வாரமே இல்லை தம்பி, விட விடச் சத்தம் கூடுகிறதே" என்று வருத்தப்பட்டார் அந்த வீட்டு அம்மா. மேல் கீலின் ஊசியை அடியிலிருந்து ஆணி வைத்துத் தட்டி வெளியே எடுத்தபோது, அதன் உடல் முழுவதும் கமர்கட்டுப் பாகு போலப் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தும் போகாமல், உப்புத்தாளால் தேய்த்தே எடுக்க வேண்டியிருந்தது. அவர் வாரந்தோறும் விட்டு வந்தது சமையலுக்கு வாங்கிய சூரியகாந்தி எண்ணெய்.

எண்ணெய்ப் பாட்டிலின் கழுத்திலும் வாணலியின் வெளிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு, தேய்த்தாலும் போகாத பிசுக்கை எல்லோரும் பார்த்திருப்போம். சில தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகிப் பிசினாகின்றன. ஆளிவிதை எண்ணெயை மரத்துக்குப் பூசுவதே அது காய்ந்து இறுகும் என்பதற்காகத்தான். இந்தக் குணத்தை ஓரளவு காட்டுவது அயோடின் எண் என்ற அளவு: தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 10, விளக்கெண்ணெய்க்கு 85, நல்லெண்ணெய்க்கு 110, சூரியகாந்திக்கு 130, ஆளிவிதைக்கு 170க்கும் மேல். எண் ஏற ஏறப் பிசினாகும் வேகமும் ஏறும். அப்படியானால் தேங்காய் எண்ணெய் நல்லதுதானே என்று கேட்கலாம். பிசினாகாதுதான், ஆனால் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் மார்கழிக் காலையில் அது எண்ணெயாகவே இருப்பதில்லை. நாளானால் சிக்கு வாடையும் வரும், எறும்பும் கரப்பானும் தேடி வரும்.

கிறீச்சொலி பிறக்கும் விதத்தை அறிந்தால் இது இன்னும் விளங்கும். ஊசியும் அதைச் சுற்றிய உருளையும் வழுக்கிக்கொண்டு சுழலாமல், ஒரு கணம் ஒட்டி, மறுகணம் விடுபட்டு, மீண்டும் ஒட்டுகின்றன. நொடிக்குப் பல நூறு முறை நிகழும் இந்த அதிர்வைக் கதவுப் பலகை பெரிதாக்கி நம் காதுக்கு அனுப்புகிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதே வேலைதான். அந்தப் பிடிப்புக்காகத்தான் வில்லுக்குப் பைன் மரப் பிசின் தேய்க்கிறார்கள். பிசினாகும் எண்ணெயைக் கீலில் விடுகிறவர், தெரியாமல் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

சாதாரண அறைக் கதவுக்கு நான் சொல்வது தையல் மெஷின் ஆயில். அது கனிம எண்ணெய் என்பதால் பிசினாகாது, மெல்லியதாக இருப்பதால் ஊசியைக் கழற்ற முடியாத கீலிலும் உள்ளே இறங்கும். நம் ஊர்க் கீல்கள் பெரும்பாலும் ஊசியின் இரு முனையும் அடித்து மூடியவை. அவற்றில் மேல் கணுவின் (ஊசியைச் சுற்றிய உருளையின் மேல் துண்டின்) இடுக்கில் இரண்டே சொட்டு விட்டு, கதவை இருபது முறை ஆட்டி, வழியும் கறுப்பு நீரைப் பழந்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஊசி கழலுமானால் வேலை இன்னும் எளிது: துடைத்துவிட்டு வாஸ்லினோ லித்தியம் கிரீஸோ மெல்லப் பூசித் திரும்பச் செருகினால் நெடுநாள் தாங்கும். கீலின் வெளிப்புறத்தில் கிரீஸ் அப்புவது தூசிக்கு விருந்து வைப்பதாகும்.

பலர் கேட்பது டபிள்யூடி-40 பற்றி. 1953ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டத் தயாரிக்கப்பட்ட திரவம் அது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் பெயரில் அந்த எண் நிற்கிறது. துருவை இளக்கவும் பழைய பிசுக்கைக் கழுவவும் அதை நானும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும் கரைப்பான்; தங்குவது மெல்லிய படலம் மட்டுமே என்பதால், அதன் பின் வேறு எண்ணெய் விடுவது என் வழக்கம். தீப்பற்றக்கூடியது, சாமி விளக்கு எரியும்போது பூஜையறைக் கதவில் அடிக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் இலவசமாகக் கிடைக்கும் கழிவு எஞ்சின் ஆயில் வீட்டுக்கே வேண்டாம். எந்த ஆயிலையும் பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்கவைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எண்ணெய் விடுமுன் கீலுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கதவை ஆட்டிப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் விழுந்தால் துரு. கறுப்புத் தூள் விழுந்தால் உலோகமே தேய்கிறது, திருகு தளர்ந்து கதவு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த துளையில் பசை தோய்த்த மரச்சிம்பைச் செருகித் திருகை இறுக்கினால், பல நேரம் எண்ணெய்க்கே வேலை இருக்காது. தூளே விழாமல், மழைக்காலத்தில் மட்டும் உரசும் ஓசை வந்தால், அது ஊறிப் பருத்த மரம் நிலைச்சட்டத்தில் தேய்கிற ஓசை. விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் அடங்கும்.

கீலே இல்லாமல், குடுமியில், அதாவது கதவிலிருந்தே நீண்டிருக்கும் மர முளையில், சுழலும் பழைய கதவுகள் இன்னும் சில வீடுகளில் உண்டு. கல் குழியில் மரக் குடுமி சுழலும் அந்த இடத்துக்கு மட்டும் நான் விளக்கெண்ணெயே விடுகிறேன். மெல்லிய மெஷின் ஆயிலை மரம் உறிஞ்சிக்கொள்ளும். விளக்கெண்ணெய் கெட்டியாகக் குழியிலேயே நிற்கும்.