ஸ்கோப் 2: 'வீச்சு', 'ஒப்பந்தவழிக் கணக்கு', 'எச்சக் கலவை'

ஒரு நிறுவனம் விலைக்கு வாங்கிப் பயன்படுத்தும் மின்சாரத்துக்காக எங்கோ ஓர் அனல்மின் நிலையப் புகைபோக்கியில் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களின் கணக்கே ஸ்கோப் 2. வாங்கும் நீராவி, வெப்பம், குளிர்ச்சி ஆகியவையும் இதில் சேரும். சொந்த பாய்லரிலும் டீசல் ஜெனரேட்டரிலும் எரிவது ஸ்கோப் 1. மூலப்பொருள், சரக்குப் போக்குவரத்து போன்ற மற்றவை ஸ்கோப் 3. 2001இல் வெளிவந்த ஜிஎச்ஜி புரோட்டோகால் என்னும் உலகளாவிய உமிழ்வுக் கணக்கு நெறிமுறை வகுத்த பாகுபாடு இது. பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்னும் நிறுவனப் பொறுப்பு அறிக்கையிலும் இதே பெயர்கள்தான்.

'ஸ்கோப்' என்னும் சொல்லின் வேர் கிரேக்கம். 'ஸ்கோபோஸ்' என்றால் குறி பார்ப்பவன், குறி. இத்தாலிய 'ஸ்கோப்போ' வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. டெலஸ்கோப்பில் உள்ளதும் இந்தப் 'பார்' என்னும் வேர்தான். பிறகு பொருள் குறியிலிருந்து நகர்ந்து, 'எட்டும் பரப்பு' என்று விரிந்தது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? இயந்திர மொழிபெயர்ப்பில் 'நோக்கம் 2' என்று வருவது முழுத் தவறு. 'வரம்பு 2' என்றால், அரசு விதித்த உச்ச அளவு என்று படிப்பவர் நினைப்பார். 'எல்லை' என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது: எந்தத் துணை நிறுவனங்களைக் கணக்கில் சேர்ப்பது என்பதை நிறுவன எல்லை என்கிறோம். 'வகை'யும் ஆகாது, ஸ்கோப் 3க்குள்ளேயே 15 வகைகள் உண்டு. ஆகவே 'வீச்சு' என்பதே பொருத்தம். கை எட்டும் தூரம் முதல் வீச்சு. மின்கம்பி வழியே எட்டுவது இரண்டாம் வீச்சு. அதற்கும் அப்பாற்பட்டது மூன்றாம் வீச்சு.

சிக்கல் இரண்டாம் வீச்சில்தான். 2015இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி, மின் ஒப்பந்தங்களோ, மின்சாரம் எந்த மூலத்தில் உற்பத்தியானது என்று காட்டும் சான்றிதழ்களோ புழங்கும் சந்தைகளில் இயங்கும் நிறுவனங்கள் இரண்டு எண்களைக் காட்ட வேண்டும் என்கிறது. முதல் எண் இடவழிக் கணக்கு: மின்சாரம் வந்த மின்கட்டமைப்பின் (கிரிட்) சராசரி உமிழ்வுக் காரணியால், அதாவது ஒரு யூனிட்டுக்கு வெளியேறும் வாயுவின் அளவால், மொத்த யூனிட்டையும் பெருக்குவது. இரண்டாவதைப் பலரும் 'சந்தை அடிப்படை' என்று எழுதுகிறார்கள். மூலச்சொல்லுக்கு அது நேர்தான். ஆனால் படிப்பவர் மனத்தில் விலை நிலவரம் தோன்றும். விலைக்கு இதில் வேலையே இல்லை. நிறுவனம் எந்த மின்னுற்பத்தியாளரோடு என்ன ஒப்பந்தம் செய்தது, எந்தச் சான்றிதழை வாங்கியது என்பதே எண்ணைத் தீர்மானிக்கிறது. அதனால் 'ஒப்பந்தவழிக் கணக்கு' என்பதே நேர்மையான பெயர்.

ஓர் ஆலை ஆண்டுக்கு 1 கோடி யூனிட், அதாவது 10,000 மெகாவாட் மணி வாங்குகிறது என்று கொள்வோம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-24 சராசரிக் காரணி ஒரு மெகாவாட் மணிக்கு 0.727 டன். இடவழியில் 7,270 டன். அதில் 6,000 மெகாவாட் மணிக்குக் காற்றாலைச் சான்றிதழ் இருந்தால், ஒப்பந்தவழியில் அந்தப் பங்கு சுழி. மிச்சம் 4,000ஐ எதனால் பெருக்குவது?

முறைப்படி அதற்குரியது எச்சக் கலவை. பிறர் உரிமை கோரிவிட்ட பசுமை மின்சாரத்தைக் கழித்தபின் எஞ்சும் மின்சாரத்தின் சராசரி அது. பெயரெச்சம், வினையெச்சம் என்று நாம் பள்ளியில் படித்த அதே எச்சம்தான்: எஞ்சி நிற்பது. நார்வேயைப் பார்த்தால் இதன் வலிமை புரியும். அங்கே மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். 2023இல் இடவழிக் காரணி ஒரு யூனிட்டுக்குச் சுமார் 15 கிராம். ஆனால் அந்நாட்டு மூலச் சான்றுகளில், அதாவது அங்கே புழங்கும் பசுமை மின் சான்றிதழ்களில், பெரும்பகுதி மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு விற்றுப்போகிறது. சான்று வாங்காத நார்வே நிறுவனம் ஒப்பந்தவழியில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 600 கிராம் என்று எழுத வேண்டியிருந்தது. எச்சக் கலவை எண் கிடைக்காத சந்தையில் கட்டமைப்புச் சராசரியையே பயன்படுத்தி, அப்படிச் செய்ததை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். நம் ஆலையின் மிச்சம் 4,000 மெகாவாட் மணியை அந்தச் சராசரியால் பெருக்கினால் 2,908 டன்.

சான்றிதழை வாங்கினால் மட்டும் போதாது. ஒரு சான்றிதழ் ஒரு மெகாவாட் மணிக்கு. அதைப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரில் முடித்து, வேறு யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி செய்ய வேண்டும். இதை 'ரத்து' என்று எழுதினால் சான்றிதழ் செல்லாமல் போனதுபோல் ஒலிக்கிறது. நம் பழைய கணக்குப்பிள்ளைகளின் சொல் கைவசம் இருக்கிறதே: செலவெழுதுதல். சான்றிதழைச் செலவெழுதிய பிறகுதான் சுழி என்று காட்டலாம்.

தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன. கூரைச் சூரியத் தகட்டின் சான்றிதழை விற்றுவிட்டு, அதே மின்சாரத்தைப் பசுமை என்று காட்டுவது இரட்டைக் கணக்கு. விற்ற பின் அதற்கு எச்சக் கலவைக் காரணியே பொருந்தும். மரம் நட்டு வாங்கிய கார்பன் ஈட்டுறுதிகளை (ஆஃப்செட்) இரண்டாம் வீச்சிலிருந்து கழிக்க முடியாது. மின்பாதை இழப்பு மூன்றாம் வீச்சில் மூன்றாம் வகை. ஆணையத்தின் காரணி கார்பன் டை ஆக்சைடை மட்டும் அளப்பது. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அதில் இல்லை.

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் ஒரு குழப்பம் அடிக்கடி எழும். சொந்தக் காற்றாலை ஆயிற்றே, இடவழியில் ஏன் குறையவில்லை? மின்சாரம் பொதுக் கட்டமைப்பு வழியாக வருவதால், இடவழியில் அதற்கும் சராசரிக் காரணியே. ஒப்பந்தவழியில் மட்டும், பசுமை உரிமையை வேறு யாருக்கும் விற்காதிருந்தால் சுழி.

இந்தச் சுழியும் ஆட்டம் காணலாம். 2025 அக்டோபரில் ஜிஎச்ஜி புரோட்டோகால் பொதுக் கருத்துக்கு வைத்த திருத்த வரைவு, ஆண்டுக் கணக்கை விட்டு மணிவாரிப் பொருத்தம் கேட்கிறது: மின்சாரம் செலவான அதே மணி நேரத்தில், அதே கட்டமைப்புக்கு எட்டும் இடத்தில் உற்பத்தியும் நடந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் கனமாக வீசும். அப்போது உற்பத்தியாகி, பின்னர் எடுத்துக்கொள்ள மின்வாரியக் கணக்கில் வங்கியிருப்பாகச் சேர்ந்த யூனிட்டை டிசம்பர் இரவில் நூற்கும் கதிர் ஓட்டச் செலவழித்தால், கட்டணக் கணக்கில் அது காற்றாலை மின்சாரம்தான். மணிவாரிக் கணக்கில் அந்த இரவுக்குரியது எச்சக் கலவை.