பாலில் கலந்து குடித்த சத்துப் பவுடர்

சத்துப் பவுடரால் படுத்து என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில், இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அறுபதைத் தாண்டிய அம்மா. மூன்று வாரமாக வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். இரண்டு நாளாகப் பேச்சும் குழற, பக்கவாதமோ என்று பயந்து தூக்கி வந்தார்கள். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் கால்சியம் 14.2. பத்தரையைத் தாண்டக் கூடாது. சிறுநீரகம் தடுமாறினால் ஏறும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது.

"வேற என்ன மருந்து சாப்பிடுறாங்க?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் மகன். மூன்றாம் முறை கேட்டபோதுதான் மருமகள் வாய் திறந்தார்: "மருந்து இல்ல சார், சத்துப் பவுடர் மட்டும். தினமும் ராத்திரி பால்ல கலந்து குடிப்பாங்க."

அது பாக்கெட்டுக்கு 60,000 யூனிட் விட்டமின் டி. டி மிகையானால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். மூட்டு வலிக்காக வாரம் ஒன்று, எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தது. அவர் குடித்தது தினம் ஒன்று, நான்கு மாதம். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 600 யூனிட். அப்படியென்றால் ஒரு பாக்கெட் நூறு நாள் கணக்கு. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் பெரியவர்கள் தினமும் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது.

"சத்துதானே சார், கூடினா யூரின்ல போயிடாதா?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போகாது! பி காம்ப்ளெக்ஸ் போட்ட அன்று சிறுநீர் மஞ்சளாகப் போவதைப் பார்த்து எல்லா விட்டமினும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பி, சி தண்ணீரில் கரைபவை. ஏ, டி, இ, கே கொழுப்பில் கரைபவை. ஏ கல்லீரலில் தங்கும், டி உடல் கொழுப்பில் போய் உட்காரும். இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்குச் சரியாகிவிடாது, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பாடுபடுவது சிறுநீரகம். "அப்போ வெயில்ல நின்னா?" என்று அடுத்த கேள்வி வரும். வெயிலால் டி மிகையாகாது, தேவைக்கு மேல் போனதைத் தோலே சிதைத்துவிடும். பாக்கெட்டுக்கு அந்தப் புத்தி கிடையாது.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. சீட்டில் ஓ.டி. என்றால் தினம் ஒன்று, ஓ.டபிள்யூ. என்றால் வாரம் ஒன்று. எங்கள் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுதான். நான் இப்போது 'ஞாயிறு மட்டும்' என்று தமிழிலேயே எழுதுகிறேன்.

பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று தொடங்காதீர்கள். கால்சியம் மாத்திரை, மல்டிவிட்டமின், மீன் ஈரல் எண்ணெய் எல்லாவற்றிலும் டி இருக்கலாம், அட்டையைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். கர்ப்பிணிகளே, மாத்திரையாக வரும் விட்டமின் ஏ-யை நீங்களாகத் தொட வேண்டாம். தினமும் 10,000 யூனிட்டுக்கு மேல் போனால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். கேரட்டும் முருங்கைக்கீரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதில் பயமில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுபவர்கள் இ, கே எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான். அப்புறம், டாக்டர் "என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று கேட்டால் தயவுசெய்து சத்துப் பவுடரையும் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்குச் சலைன் ஏற்றி, ஸ்டீராய்டு கொடுத்து, பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். கிளம்பும்போது மகன் தனியாக வந்து கேட்டார்: "இன்னும் பன்னிரண்டு பாக்கெட் மிச்சம் இருக்கு சார். அப்பாவுக்குக் கொடுக்கலாமா?"